வீட்டில் கார் பழுது பார்க்க ஸ்பேனர் செட் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும், சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஒரு காராவது பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம். என் வீட்டு வாசலும் அதற்கு விலக்கில்லை. உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்பேனரில் எத்தனை வகை உண்டு? நான் எதை முதலில் வாங்க வேண்டும்?

இரண்டு பக்கமும் திறந்த வாய் உள்ளது டபுள் எண்ட் ஸ்பேனர். இரண்டு பக்கமும் வளையம் உள்ளது ரிங் ஸ்பேனர். ஒரு பக்கம் வாயும் மறு பக்கம் அதே அளவில் வளையமும் உள்ளது காம்பினேஷன் ஸ்பேனர். வீட்டுக்காரருக்கு முதலில் வேண்டியது இந்தக் கடைசி வகைதான். இறுகிய நட்டை வளையத்தால் தளர்த்திவிட்டு, கையைத் திருப்பி வாய்ப் பக்கத்தால் விரைவாகக் கழற்றிவிடலாம். அதோடு, ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடியான ராட்செட் ஒன்றும், அதன் முனையில் மாட்டி நட்டின் மேல் கவிழ்க்கும் சாக்கெட்டுகள் சிலவும் இருந்தால் எண்ணெய் மாற்றுதல், பிளக் மாற்றுதல், பேட்டரி, ஆல்டர்னேட்டர், பிரேக் பேட் ஆகிய வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

திறந்த வாய் ஏன் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று என் அக்கா மகன் ஒருமுறை கேட்டான். நல்ல கேள்வி. அந்தச் சாய்வு 15 பாகை. அறுகோணத் தலையை அடுத்த பிடிக்குக் கொண்டுவர 60 பாகை திருப்ப வேண்டும். ஆனால் இடுக்கான இடத்தில் அவ்வளவு திருப்ப முடியாது. ஸ்பேனரைக் குப்புறத் திருப்பிப் போட்டால் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடுவதால், 30 பாகை இடம் இருந்தாலே நட்டைத் தொடர்ந்து சுற்றலாம். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கையை நுழைத்து வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: இருநூறு உருப்படிகள் கொண்ட பெரிய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடாதா?

அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் சிறு ஸ்க்ரூட்ரைவர் முனைகளாக இருக்கும். உங்கள் வண்டியில் எங்குமே பொருந்தாத அங்குல அளவுச் சாக்கெட்டுகள் ஒரு வரிசை இருக்கும். ஒரே அளவு மூன்று வடிவங்களில் வந்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கும். நீங்கள் அன்றாடம் எடுக்கப்போவது பத்துப் பன்னிரண்டு உருப்படிகளைத்தான். அந்தப் பத்தும் தேறாதவையாக இருந்துவிட்டால் மீதி நூற்றுத் தொண்ணூறும் இருந்து என்ன பயன்? அதே பணத்துக்கு நல்ல காம்பினேஷன் ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிவிட்டு, சாக்கெட்டுகளைத் தேவைக்கேற்பப் பிறகு சேர்த்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. பெரிய பெட்டிக்காக நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை, எது காணாமல் போயிருக்கிறது என்று அதன் குழிகள் உடனே காட்டிக்கொடுக்கும் என்பதுதான்.

கேள்வி: என் வண்டிக்கு எந்தெந்த அளவுகள் தேவை?

வண்டி எந்த நாட்டு வடிவமைப்பு என்பதைப் பொறுத்தது இது. வாங்குகிறவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

போல்ட்டின் மரைத் தடிமன் ஒன்று. ஸ்பேனர் பிடிக்கும் தலையின் அகலம் வேறொன்று. எம்8 என்றால் மரையின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்று பொருள். அந்த எம்8 போல்ட்டுக்கு ஜெர்மானிய மரபில் தலை 13 மில்லிமீட்டர். ஜப்பானியக் கார்களில் 12 மில்லிமீட்டர். எம்10 போல்ட்டின் தலை பழைய ஜெர்மானிய அளவில் 17, புதிய சர்வதேச அளவில் 16, ஜப்பானியக் கார்களில் 14. எம்12 அதே வரிசையில் 19, 18, 17 என்று போகும். எம்6 மட்டும் எல்லாரிடத்திலும் 10. அதனால்தான் உலகம் முழுவதும் பத்தாம் நம்பர் சாக்கெட்டே எப்போதும் தொலைகிறது. என் வீட்டில் அதற்கு இரண்டு மாற்றுகள் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது நம் ஊர் வண்டிகளுக்கு வருவோம். டர்பனுக்குத் தெற்கே புரொஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையிலிருந்து வந்த டாஸ், கொரோலா, ஹைலக்ஸ் பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள வண்டி) ஆகியவற்றை வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 ஆகியவை உயிர்நாடி. சக்கர நட்டுக்கு 21 வேண்டும். முன்பு எய்ட்டன்ஹேக் என்றும் இப்போது கரியேகா என்றும் அழைக்கப்படும் ஊரில் ஃபோக்ஸ்வாகன் தயாரித்த சிட்டி கோல்ஃப், போலோ ஆகியவற்றை வைத்திருப்பவருக்கு 10, 13, 16, 17, 18, 19 வேண்டும். அவற்றின் சக்கரங்களில் நட்டுக்குப் பதில் 17 மில்லிமீட்டர் தலையுள்ள போல்ட்டுகள் இருக்கும். மலிவான செட்டுகளில் 16, 18 ஆகிய இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம். செட்டின் மேல் அட்டையில் "8 முதல் 19 வரை" என்று போட்டிருந்தாலும், உள்ளே எண்ணிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

ஃபோக்ஸ்வாகன்காரர்களுக்கு இன்னொரு செய்தி. சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் உள்பக்க மூட்டையும், எஞ்சின் ஹெட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பலவற்றின் தலையில் பன்னிரண்டு முனை நட்சத்திரக் குழி இருக்கும். பார்ப்பதற்கு டோர்க்ஸ் என்ற வேறொரு நட்சத்திரக் குழி போலவே தோன்றும். ஆனால் டோர்க்ஸுக்கு ஆறு முனைதான். ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று டோர்க்ஸை அதில் நுழைத்துத் திருகினால் குழி வழித்துப்போய், ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். இந்தப் பன்னிரண்டு முனை வகைக்கு டிரிப்பிள் ஸ்கொயர் என்று கேட்டு எம்8, எம்10 ஆகிய இரண்டு முனைகளைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் செலவாகாது.

கேள்வி: தாத்தா காலத்து மோரிஸ் மைனர் ஒன்று வீட்டில் இருக்கிறது. மில்லிமீட்டர் ஸ்பேனரே அதற்கும் போதுமா?

போதாது. அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் வண்டிகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், ஆகையால் 19 பொருந்திவிடும்; எட்டில் ஐந்து பங்கு அங்குலத்துக்கு 16 சரியாக இருக்கும். ஆனால் அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அதில் 13 போட்டால் ஆடும், 12 நுழையவே நுழையாது. ஆடும் ஸ்பேனர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். அந்த வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்பினால் அங்குல செட் ஒன்று தனியாக வேண்டும்.

கேள்வி: கடையில் நின்றபடியே தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே பளபளவென்றுதானே இருக்கின்றன?

பளபளப்பு குரோம் பூச்சின் வேலை. அதற்குக் கீழே இருக்கும் எஃகு அதில் தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இறுதிச் சந்தையில் நான் வாங்கிய செட்டும் கண்ணாடி போலத்தான் மின்னியது. சிட்டி கோல்ஃபின் ஆல்டர்னேட்டர் போல்ட்டில் அதன் 13 ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். போல்ட் அசையவில்லை; ஸ்பேனரின் வாய்தான் மெல்ல விரிந்தது. அடுத்த நொடி அது வழுக்கி, என் விரல் முட்டிகள் ரேடியேட்டர் ஃபேனில் போய் மோதின. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், போல்ட் தலையின் ஆறு மூலைகளில் மூன்று வட்டமாகியிருந்தன. அந்த ஸ்பேனரைத் தூக்கி எறியாமல், கொட்டகைக் கதவுக்குக் கொக்கியாக மாட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது ஒரு புதிய எம்8 போல்ட்டையும் எம்10 போல்ட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். ஸ்பேனரின் வாயை அந்தத் தலையில் மாட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். எளிதாக நுழைய வேண்டும், ஆனால் கடகடவென்று ஆடக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்து, எழுத்துகளைப் பாருங்கள். குரோம் வனேடியம் எஃகு என்ற குறிப்பு மட்டும் போதாது, ஏனெனில் அதை யார் வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளலாம். காம்பினேஷன் ஸ்பேனர்களுக்கு டின் 3113 என்ற ஜெர்மானியத் தரமும், ஸ்பேனர் வாயின் அகலத்தில் அனுமதிக்கப்படும் பிசகுக்கு ஐஎஸ்ஓ 691 என்ற சர்வதேசத் தரமும் உள்ளன. செய்தவரின் பெயரோடு இவற்றில் ஒன்றும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தால், செய்தவர் ஓர் அளவுகோலுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். பெயரே இல்லாத ஸ்பேனரை நான் கையால் தொடுவதில்லை.

மூன்றாவதாக, வளையத்தின் சுவரைப் பாருங்கள். நல்ல எஃகை அடித்து உருவாக்கிய ஸ்பேனரில் வளையச் சுவர் மெல்லியதாக இருந்தும் வலுவாக இருக்கும்; மட்டமான எஃகில் வலுவின்மையை ஈடுகட்டச் சுவரைத் தடிமனாக்கிவிடுவார்கள், அது இடுக்கான இடத்தில் நட்டின் மேல் உட்காராது. வளையத்தின் உள்ளே முனைகள் மழுங்கலாக இல்லாமலும், குரோம் பூச்சு அங்கங்கே திரளாமலும் இருக்க வேண்டும். விளிம்பில் பூச்சு உரிந்திருந்தால், அந்த உரிசல் பிளேடு போல விரலைக் கிழிக்கும்.

கேள்வி: ஆறு முனைச் சாக்கெட்டா, பன்னிரண்டு முனைச் சாக்கெட்டா?

ஆறு முனை. துருப்பிடித்த நட்டிலும், ஏற்கெனவே யாரோ உருட்டிவிட்ட நட்டிலும் ஆறு முனைச் சாக்கெட் பக்கங்களை அழுந்தப் பிடிக்கும். பன்னிரண்டு முனை மாட்டுவதற்கு எளிது என்பதால் ரிங் ஸ்பேனரில் அது இருப்பது நியாயம்தான். ஆனால் சாக்கெட்டைத் திருப்ப ராட்செட் இருக்கும்போது அந்த வசதி தேவைப்படுவதில்லை. மூலைகளைத் தொடாமல் பக்கவாட்டுப் பரப்பில் அழுத்தும்படி உள்வடிவம் வளைக்கப்பட்ட சாக்கெட்டுகளை இப்போது நல்ல உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் எல்லாருமே செய்கிறார்கள். உள்ளே பார்த்தால் மூலைகளில் சிறு வளைவு தெரியும்.

கேள்வி: கால், எட்டில் மூன்று, அரை அங்குலம் என்று ராட்செட் மூன்று வகையாக இருக்கிறதே?

மில்லிமீட்டர் நாடுகளிலும் ராட்செட்டின் சதுர முனை மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. ஒன்றே ஒன்று வாங்குவதானால் அரை அங்குலம் வாங்குங்கள், ஏனென்றால் சக்கரமும் சஸ்பென்ஷனும் அதைத்தான் கேட்கும். இரண்டு வாங்க முடிந்தால் எட்டில் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பானெட்டின் கீழ் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதிக்கு அதுதான் கைக்கு அடக்கமானது. கால் அங்குலம் டாஷ்போர்ட் வேலைக்கு உதவும், அவசரமில்லை.

ராட்செட்டில் 72 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 5 பாகை திரும்பினால் போதும். பல்லின் எண்ணிக்கை கூடக் கூட இடுக்கில் வேலை எளிதாகும். ஆனால் மலிவான ராட்செட்டில் பல் மெல்லியதாகும்போது உடையவும் செய்யும். இறுகிய போல்ட்டைத் தளர்த்த ராட்செட்டின் மேல் குழாயை மாட்டி ஏறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்குப் பிரேக்கர் பார் என்ற நீண்ட கம்பி இருக்கிறது. அதில் பல்லே கிடையாது, ஆகையால் உடைய ஒன்றுமில்லை.

கேள்வி: எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அவசியமா? என் மாமா நாற்பது ஆண்டுகளாகக் கையாலேயே இறுக்குகிறார்.

மாமாவின் கைக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. உங்கள் கைக்கு இல்லை. கொரோலாவின் சக்கர நட்டுக்கு டொயோட்டா சொல்லும் இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர். 45 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 23 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் இறுக்கம் அது. போலோவின் சக்கர போல்ட்டுக்கு 120. ஆனால் வாகனத்தில் வரும் சிறு ஸ்பேனரின் மேல் காலை வைத்து முழு உடல் எடையையும் கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் இறுக்கம் தேவையான அளவைத் தாண்டிவிடும். அடுத்த முறை நெடுஞ்சாலையோரம் டயரை மாற்ற நேரும்போது வீட்டு அம்மாவாலோ மகளாலோ அதைக் கழற்ற முடியாது.

மறுபுறம், எம்6 போல்ட்டுக்குப் போதுமான இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். அலுமினிய உறையில் இருக்கும் சிறு போல்ட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கி, திடீரென்று கை இலகுவாகும் அந்த நொடியை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒன்று போல்ட் முறிந்திருக்கும், இல்லையென்றால் மரை கழன்று வந்திருக்கும்.

ஆகவே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். 40 முதல் 200 வரை அளக்கும் அரை அங்குல வகை சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஏற்றது. அதை எம்6 போல்ட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. அளவெல்லையின் அடிமட்டத்தில் அதன் கணிப்பு நம்பகமானதல்ல. டார்க் ரெஞ்சால் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. வேலை முடிந்ததும், சொடுக்கு வகை ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். எஞ்சின் ஹெட் போல்ட்டுகள் பலவற்றில் முதலில் ஓர் இறுக்கமும் அதற்கு மேல் இத்தனை பாகை திருப்பவும் என்றும் குறிப்பு இருக்கும். அவை நீளும் போல்ட்டுகள். ஒருமுறை கழற்றினால் புதியதைத்தான் போட வேண்டும்.

கேள்வி: பிரேக் குழாய் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாமா?

கழற்றலாம், நட்டை உருட்டிவிடவும் செய்யலாம். அந்த நட்டு மென்மையானது. குழாயின் மேலாக நுழையும்படி ஓரிடத்தில் வெட்டப்பட்ட வளையம் கொண்ட ஃப்ளேர் நட் ஸ்பேனர் இதற்கென்றே இருக்கிறது. 10, 11 ஆகிய இரண்டு அளவுகள் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

கேள்வி: வாயின் அகலத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஷிஃப்டிங் ஸ்பேனர் ஒன்றிருந்தால் எல்லா அளவுக்கும் போதாதா?

தோட்டக் குழாய்க்குப் போதும். காருக்கு வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை: ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் குழாய் ரெஞ்சுக்குப் பொபியான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பபூன் குரங்கு என்று அர்த்தம். அது காரின் நட்டைக் கடிக்கும் விதத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இங்கேயே தயாராகும் நல்ல கருவிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அதுவும் நம் பக்கத்திலேயே. 1919இல் ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் டோவிடாட் சகோதரர்கள் தொடங்கிய கெடோர் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்க ஆலை, பைன்டவுனை ஒட்டிய நியூ ஜெர்மனியில் இருக்கிறது. 1848இல் ஜெர்மானியக் குடியேறிகள் வந்திறங்கிய ஊர் அது. ஜெர்மானிய ஸ்பேனர் அங்கே போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். அதன் விலை மலிவல்ல. 10, 13, 17 போன்ற அதிகம் உழைக்கும் அளவுகளை மட்டும் இப்படிப்பட்ட உயர்ரகத்தில் தனித்தனியாக வாங்கிவிட்டு, எப்போதாவது எடுக்கும் அளவுகளை நடுத்தர விலையில் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தோதான வழி. நானும் அப்படித்தான் சேர்த்தேன்.

கேள்வி: கடற்காற்றில் கருவிகள் துருப்பிடித்துவிடுகின்றன. என்ன செய்வது?

டர்பனின் ஈரமும் உப்பும் குரோம் பூச்சில் ஒரு கீறல் கிடைத்தாலே உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து வையுங்கள். துணியில் எஞ்சின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். கான்கிரீட் தரையில் பெட்டியை நேராக வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். ராட்செட்டின் பல்லுக்கு மட்டும் கிரீஸ் சிறிதளவே போட வேண்டும், அதிகம் போட்டால் சொடுக்கும் கொக்கி ஒட்டிக்கொள்ளும்.

வண்டியில் துருவேறி இறுகிப்போன நட்டுக்கு, க்யூ20 போன்ற எண்ணெயைத் தெளித்துவிட்டு உடனே திருகத் தொடங்குகிறார்கள். முந்தின இரவே தெளித்து, காலையில் மறுபடி தெளித்து, சுத்தியால் தலையில் நாலு தட்டு தட்டிய பிறகு முயன்று பாருங்கள். ஆறு முனைச் சாக்கெட்டும் நீண்ட கம்பியும் அப்போதுதான் வேலை செய்யும்.

கேள்வி: வாங்கிய ஸ்பேனர் உடைந்துவிட்டால் திருப்பித் தர முடியுமா?

உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் ஒருபுறம் இருக்க, 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் கடைக்குத் திருப்பித் தரலாம். பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஆனால் ராட்செட்டைச் சுத்தியாகப் பயன்படுத்தி உடைத்துவிட்டு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கருவிகளை வாங்கலாமா?

தாராளமாக. ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் விற்கும் பழைய நல்ல ஸ்பேனர், கடையில் இருக்கும் புதிய மட்டமான ஸ்பேனரைவிட நூறு மடங்கு மேல். மேல் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாய் விரிந்திருக்கிறதா என்று சட்டைப்பைப் போல்ட்டை மாட்டிப் பாருங்கள். யாராவது வெல்டிங் செய்தோ கிரைண்டரில் தேய்த்தோ இருக்கிறார்களா என்று பாருங்கள். ராட்செட்டையும் டார்க் ரெஞ்சையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அவற்றின் உள்ளே நடந்திருப்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: ஸ்பேனர் செட் வாங்கிய பிறகு பணம் மிஞ்சினால் அடுத்து என்ன வாங்கலாம்?

மிஞ்சுவதற்குக் காத்திருக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் போகிற உத்தேசம் உங்களுக்கு இருந்தால், ஸ்பேனருக்கு முன்பே, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட் ஒரு சோடி வாங்க வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. அதன் ரப்பர் வளையம் ஒன்று கசிந்தாலும் வண்டி இறங்கிவிடும். செங்கல்லையும் காலி பிளாக்கையும் முட்டுக்கொடுத்துப் படுக்கிறவர்களை இன்றும் எங்கள் தெருவில் பார்க்கிறேன். அது எந்த நொடியிலும் பொடியாகலாம். ஸ்டாண்டில் வண்டியை இறக்கி வைத்த பிறகு, அடியில் போகுமுன் வண்டியைப் பக்கவாட்டில் ஒருமுறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால், மறுபடி ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டைச் சரியாக வைக்கும்வரை கீழே போகாதீர்கள்.